தெருவில் படுப்பவர்களுக்கான காப்பகம்: உள்ளே போய் வரும் ஒரு தையல்காரியின் விமர்சனம்

முதலில், அவசரத்தில் இதைத் தேடிப் படிப்பவர்களுக்கு. சென்னையில் உங்கள் தெருமுனையிலோ பஸ் ஸ்டாப்பிலோ யாராவது வெகுநாளாகப் படுத்துக் கிடந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து, காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆணா பெண்ணா, வயது எவ்வளவு இருக்கும், நடக்க முடிகிறதா, பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புண்ணோ மயக்கமோ இருந்தால் முதலில் 108. ஆள் வரும்வரை முடிந்தால் அங்கேயே நில்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், படுத்திருப்பவரிடம் கேளுங்கள்: "வர்றீங்களா?" கேட்காமல் வண்டியில் ஏற்றினால் மறுநாளே திரும்பி வந்துவிடுவார். அதில் தப்பும் இல்லை.

நான் பெரம்பூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வட சென்னையில் ஒரு பெண்கள் காப்பகத்துக்குத் தலையணை உறை, மெத்தை உறை தைத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. நைட்டி அளவு சரிசெய்வது, கிழிந்த பாவாடைக்கு நாடா கோப்பது என்று அப்புறம் அதுவும் சேர்ந்துகொண்டது. அதனால் வாசலோடு நிற்காமல் கூடம் வரை போய் உட்கார்ந்து வருகிறேன். காப்பகத்தின் பெயரையும் தெருவையும் எழுதவில்லை. அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவர்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள்.

சென்னையில் இப்படி ஐம்பது அளவில் காப்பகங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு, ஆண்களுக்கு, முதியவர்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு என்று தனித்தனி. கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனங்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது ஆண்டு முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னது. 2013-ல் வந்த மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் அதற்குப் பணமும் விதிமுறையும் கொடுத்தது. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது "நாள் முழுக்க" என்பதுதான். இரவுத் தங்குமிடம் என்றால் விடிந்ததும் பையோடு வெளியேற வேண்டும். நான் போகும் காப்பகத்தில் கோயம்பேடு மார்க்கெட்டில் ராத்திரி பூரா காய் பொறுக்கிப் பிரிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் தூங்குவதே பகலில். இரவு மட்டும் திறக்கும் இடம் அவருக்கு எதற்கு?

சரி, உள்ளே எப்படி இருக்கிறது?

விதிப்படி ஒருவருக்கு 50 சதுர அடி. என் கணக்கில் பத்துக்கு ஐந்து: ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து, உட்கார்ந்து சேலை கட்டிக்கொள்ள இடமிருக்கும் அளவு. நான் போகும் இடத்தில் மழைக்காலம் தவிர மற்ற நாளில் அது ஓரளவு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தெருவிலிருந்து நிறையப் பேர் வந்துவிடுவார்கள். அப்போது கட்டிலுக்கு நடுவில் பாய் விரிப்பார்கள். இதை நான் குறையாக எழுதவில்லை. மழையில் வந்தவரை வாசலில் நிறுத்தாத இடம் அது.

மெத்தை ரெக்சின் போட்டது. துடைக்க எளிது, மூட்டைப்பூச்சி அவ்வளவாக அண்டாது, படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும் வயதானவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் அதன் மேல் படுத்தால் முதுகு வெந்துபோகும். மெல்லிய பெட்ஷீட் நழுவிக் காலடிக்கு வந்துவிடும். அதற்காகத்தான் காடாத் துணியில் நாலு மூலைக்கும் எலாஸ்டிக் வைத்து உறை தைத்தேன். இரண்டு முறை துவைத்தால் காடா மெத்தென்று ஆகிவிடும். புதிதாகக் காப்பகம் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், மெத்தைக்குச் செலவழிக்கும்போதே உறைக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். ஆளுக்கு இரண்டு வேண்டும், ஒன்று துவைக்கப் போயிருக்கும்போது மாற்ற.

குளியலறை சுத்தமாக இருக்கிறது. தாழ்ப்பாள் எல்லாக் கதவிலும் இருக்கிறது, எல்லாம் சரியாக விழுந்து பூட்டுகிறது. இதைப் போய் ஒரு தகவலாக எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். வெகு வருஷம் தெருவில் இருந்த பெண்கள் விடிவதற்கு முன் எழுந்து, ஒருத்தி காவலுக்கு நிற்க இன்னொருத்தி குளித்து வாழ்ந்தவர்கள். உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டு நிதானமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்வது அவர்களுக்குப் பெரிய விஷயம். கட்டண கழிப்பறைக்குத் தினமும் காசு கொடுத்தவர்களுக்கு அது மாதச் செலவிலும் ஒரு குறைவு.

உலர்த்த இடம் இல்லாததுதான் அங்கே எனக்குப் பெரிய வருத்தம். மாடிக் கதவுக்குப் பூட்டு. யாராவது குதித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று பயம். அந்தப் பயம் நியாயமானது, ஆனாலும் இத்தனை பெண்களின் சேலையும் உள்ளாடையும் ஜன்னல் கம்பியில்தான் காய்கின்றன. ஈரம் போகாத உள்ளாடையைப் போட்டுக்கொண்டு அரிப்போடு அலைகிறார்கள், வெட்கப்பட்டு டாக்டரிடமும் சொல்வதில்லை. வெயில் நேரத்தில் ஒரு ஊழியர் கூட நின்று மாடியைத் திறந்துவிட்டால் போதும். சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடாக இருக்கிறது, வயிறு நிறைகிறது, காரம் கம்மி. வேலைக்குப் போகிறவர்கள் வழியில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி சாப்பிட்டுவிடுகிறார்கள்.

லாக்கரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். தெருவில் தூங்குபவர் பையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குவார். அதில் ஒரு போட்டோ, வோட்டர் ஐடி, மாத்திரைச் சீட்டு, கொஞ்சம் காசு இருக்கும். காப்பகத்துக்கு வந்த முதல் வாரம் யாரும் அந்தப் பையை விடுவதில்லை. தலையணை உறை போடப் போனால் தலையணையே தேவையில்லை என்பார்கள். ஓர் ஆயா செருப்பையும் பையையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "ஆயா, இங்க யாரும் எடுக்க மாட்டாங்க" என்றேன். "எடுக்க மாட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும் கண்ணு? நீ ராத்திரி உன் வீட்டுக்குப் போயிடுவ" என்றார். அவர் சொன்னது சரிதான். அதன் பிறகு சாவி போட்டுக்கொள்ளச் சுருக்குப்பை தைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா வைத்துக் கொடுத்தேன். லாக்கரில் பூட்டும், இடுப்பில் சாவியும் இருக்கும் நிலை வந்த பிறகுதான் அந்த ஆயா தலையணையில் தலை வைத்தார்.

ஆனால் அந்த முதல் வாரத்தைத் தாண்டாமல் போய்விடுகிறவர்கள் உண்டு. "ஹோம்" என்றாலே சனங்களுக்குப் பயம். கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிடுவார்கள், வெளியே விட மாட்டார்கள், கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்று ஆளுக்கொரு கதை கேட்டிருப்பார்கள். இந்தக் காப்பகத்தின் மேற்பார்வையாளரம்மா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். புதிதாக வந்தவரிடம் முதல் நாள் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. டீ கொடுத்து, கட்டிலைக் காட்டி, வாசல் எந்தப் பக்கம் என்பதையும் காட்டிவிடுகிறார். "போகணும்னா சொல்லிட்டுப் போங்க, திரும்பி வந்தாலும் வாங்க" என்பார். பெயர், ஊர், பிள்ளைகள் விவரம் எல்லாம் அவர்களே பேச ஆரம்பித்த பிறகு. நான் இந்த இடத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்த அம்மாவுக்கு.

அவருடைய வேலையில் யாருக்கும் தெரியாத பகுதி காகிதம். ஆதார் இல்லாதவருக்குக் காப்பகத்தின் பொறுப்பாளர் சான்று கொடுத்து ஆதார் எடுக்க வழி இருக்கிறது. ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு வந்தால் முதியோர் உதவித்தொகை. 2023-ல் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். சொல்லும்போது படிக்கட்டு மாதிரி வரிசையாகத் தெரிகிறது, ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டிக்கு முன்பு எப்போதோ எடுத்த ஆதாரில் யாரோ குத்துமதிப்பாக வயதைப் போட்டு, கணக்குப்படி அவருக்கு இன்னும் அறுபதே ஆகவில்லை. உதவித்தொகைக்கு அறுபது ஆக வேண்டும். பிறந்த தேதிக்குச் சான்று கேட்டால் அந்தப் பாட்டி எங்கே போவார்? ஒரு வங்கிக் கிளையில் காப்பக முகவரியைப் பார்த்துவிட்டு "இது நிரந்தர முகவரி இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். கூடப் போனவள் நான்தான். பாட்டி என்னைப் பார்த்து, "பரவாயில்ல தாயி, வுடு" என்றார். பக்கத்துத் தெருவில் இன்னொரு வங்கியின் கிளையில் அதே காகிதத்துக்குக் கணக்கு திறந்துகொடுத்தார்கள். விதி ஒன்றுதான், உட்கார்ந்திருக்கும் ஆள்தான் வேறு. அதனால்தான் கூட ஒருவர் போக வேண்டும் என்கிறேன். தனியாகப் போயிருந்தால் முதல் கிளையோடு பாட்டி அதை விட்டிருப்பார்.

இந்த வரிசையில் எந்தத் தயக்கமும் இல்லாமல் நான் பாராட்டுவது, அரசு மருத்துவமனைகளை ஒட்டி நோயாளிகளின் உடன் வருபவர்களுக்காக வைத்திருக்கும் காப்பகங்களை. திருவண்ணாமலையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ ஆபரேஷனுக்குப் புருஷனைக் கூட்டி வந்த பெண், வார்டில் இரவு தங்க இடமில்லாமல் வாசலில் துண்டை விரித்துப் படுப்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு வீடு இருக்கிறது, இந்த ஊரில் இல்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு வேண்டியது ஒரு கட்டில், ஒரு குளியலறை, போன் சார்ஜ் போட ஒரு பிளக். காப்பகத்தால் முழுசாகத் தீர்த்துவிடக்கூடிய பிரச்சினை இது.

மற்றவர்களுக்கு அப்படித் தீர்வதில்லை. வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் பிளாட்பாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் காப்பகத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்கிறவர்கள், அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெண்கள் காப்பகத்தில் புருஷனுக்கு இடமில்லை. ஆண்கள் காப்பகத்தில் பெண்டாட்டிக்கு இடமில்லை. குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு யார் வருவார்கள்? அங்கே அவர்களுக்குப் பிழைப்பு இருக்கிறது. மூட்டை தூக்குவது, பூ கட்டுவது, வண்டி தள்ளுவது எல்லாம் விடியற்காலை நடந்துபோகும் தூரத்தில். அரசு மாற்று வீடு கொடுக்கும் பெரும்பாக்கத்தில் வீடு என்றால் ஊரின் இன்னொரு கோடி. முதல் பஸ் பிடித்து வருவதற்குள் அன்றைய வேலை வேறொருவர் கைக்குப் போயிருக்கும். பிளாட்பாரத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் காப்பகம் பதில் இல்லை. வேலை இருக்கும் பகுதியிலேயே சின்னதாக ஒரு வீடுதான் பதில். இதை மாநகராட்சியும் அரசும் மனது வைத்தால் செய்யலாம். வட சென்னையில் அரசு நிலம் இல்லாமல் இல்லை.

தனியாக இருக்கும் பெண்களும் கடைசிவரை கூடத்துக் கட்டிலில் இருக்க ஆசைப்படுவதில்லை. வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை எடுக்கத் தேடினார்கள். வாடகை அவர்களால் கொடுக்க முடியும். அட்வான்ஸ்தான் முடியவில்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, தனியாக ஒப்புக்கொண்டால் அதற்கு மேலும் வாங்கலாம் என்று வழியும் விட்டிருக்கிறது. சென்னையில் அந்த வழியில்தான் எல்லா வீட்டுக்காரர்களும் நடக்கிறார்கள். இத்தனை பணம் போட்டு ஒரு காப்பகத்தை ஆண்டு முழுக்க நடத்துகிறவர்கள், வெளியேறத் தயாராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அட்வான்ஸ் கடனாகக் கொடுக்க ஒரு சின்ன நிதி வைத்தால் அந்தக் கட்டில் அடுத்தவருக்குக் காலியாகும். காப்பகத்துக்கு வருவதற்கு வழி போட்டிருக்கிறார்கள், வெளியே போகும் வழியை இன்னும் போடவில்லை. இவ்வளவு காலம் உள்ளே போய் வந்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இதுதான்.

போட முடியாத வழியும் இல்லை அது. மனநலம் பாதித்துத் தெருவுக்கு வந்த பெண்களுக்காக 1993-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் தி பேனியன். முகப்பேரில் அவர்களுடைய அடைக்கலம் பலருக்குத் தெரிந்திருக்கும். சிகிச்சையில் குணமான பிறகும் வீட்டில் சேர்த்துக்கொள்ளாததால் வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்தவர்களுக்காக 2015-ல் அவர்கள் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஊருக்குள் சாதாரண வாடகை வீடு, அதில் நாலைந்து பேர், உதவிக்கு அவர்களோடு ஒருவர். சமையல், மாத்திரை, பஸ் ஏறுவது, சண்டை வந்தால் சமாதானம் என்று எதில் எவ்வளவு உதவி வேண்டுமோ அவ்வளவு. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் மனநலச் சேவைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதையும் சேர்த்தது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 19-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது.

இதே முறையில் நடக்கும் ஒரு வீட்டுக்கு ஜன்னல் திரை தைக்க அளவெடுக்கப் போனேன். காப்பகத்துக்கு நான் தைப்பதெல்லாம் ஒரே நிறம். மொத்தமாகத் துணி எடுத்தால் விலை குறையும், துவைத்து மாற்றும்போதும் குழப்பமில்லை. அங்கே சாம்பிள் துணிகளை விரித்ததும் அந்த அக்காக்களுக்குள் பெரிய விவாதம். ஒருவருக்கு மஞ்சளில் பூப்போட்டது வேண்டும், இன்னொருவருக்கு அது கண்ணைக் குத்துகிறது. கடைசியில் கூடத்துக்கு ஒன்று, அறைகளுக்கு வேறு வேறு என்று முடிவானது. உதவிக்கு இருக்கும் பெண் ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாரே தவிர அதில் தலையிடவே இல்லை. எதிர்வீட்டம்மா வந்து இட்லி மாவு கடன் வாங்கிக்கொண்டு போனார். தெருக்காரர்கள் ஆரம்பத்தில் ரொம்ப எதிர்த்தார்களாம், வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னார்களாம். இப்போது மாவு கடன் கேட்கிறார்கள். இந்த முறையை மனநலம் பாதித்தவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல், காப்பகத்தில் இருக்கும் முதியவர்களுக்கும் தனித்துவிடப்பட்ட பெண்களுக்கும் மாநகராட்சி விரிக்க வேண்டும் என்பது என் ஆசை. சாவிக்குச் சுருக்குப்பை தைத்துக் கொடுத்தேனே, அந்த ஆயாவால் தனி வீட்டில் தனியாக இருக்க முடியாது. ஆனால் நாலு பேரோடு, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒருவர் இருந்தால், தாராளமாக முடியும்.

ஆக, இந்தக் காப்பகத்தை நான் சிபாரிசு செய்வேனா? தெருவில் ஒரு பெண் தனியாக இருக்கிறார் என்றால், இன்று இரவே, தாராளமாக. பாதுகாப்பு, சுத்தம், மரியாதை மூன்றும் அங்கே இருக்கின்றன. புருஷன் பிள்ளையோடு இருப்பவரை அங்கே அனுப்ப மாட்டேன். எல்லாக் காப்பகமும் இதே மாதிரி இருக்கும் என்று சொல்ல மாட்டேன், நடத்துபவரைப் பொறுத்து மாறும். அனுப்புவதற்கு முன் ஒரு நடை நேரில் போய்ப் பாருங்கள். லாக்கருக்குப் பூட்டு இருக்கிறதா, குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிறதா, துணி எங்கே காய்கிறது, ஆதாரும் உதவித்தொகையும் வாங்கிக் கொடுக்க யார் கூடப் போகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

கொடுக்க நினைப்பவர்களுக்கு: பிறந்தநாள் பிரியாணி வருஷம் முழுக்க யாராவது கொண்டுவந்துவிடுகிறார்கள். கிழிந்த பட்டுச் சேலையும் சாயம் போன சுடிதாரும் மூட்டை மூட்டையாக வருகின்றன, பிரிப்பதற்கே இரண்டு பேர் வேண்டும். வேண்டியது புது உள்ளாடை, எல்லா அளவிலும். முன்பக்கம் பட்டன் வைத்த காட்டன் நைட்டி, கையைத் தூக்க முடியாத வயதானவர்களுக்கு. ரப்பர் செருப்பு, படிக்கும் கண்ணாடி, இரண்டு சாவியோடு சின்னப் பூட்டு. நைட்டி எடுத்தால் நீளம் பார்த்து எடுங்கள். பெரிதாக இருந்தால் பரவாயில்லை, நான் மடித்துத் தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.